பிலிமும் டிஜிட்டலும்: தங்கவயல் மேட்டிலிருந்து ஒரு நோக்கு



வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் நால்வர் ஓரிடத்தில் கூடினால் பேச்சு எப்படியும் சினிமாவில் வந்து முடியும். சில ஆண்டுகளுக்கு முன்பு தில்லியில் அத்தகைய கூட்டம் ஒன்றில் நாமும் இருந்தோம். ‘கே.ஜி.எஃப்.’ என்னும் படத்தைக் கண்டு திரும்பியிருந்த நண்பர்கள், நாம் கோலார் தங்கவயலைச் சேர்ந்தவர் என்பதை அறிந்தவர்களாதலால், “உங்கள் ஊர் இப்படித்தான் இருக்குமா?” என்று வினவினர். அவர்களுள் மூத்தவர் ஒருவர் வேறொரு குறை சொன்னார். “எல்லாம் சரி ஐயா, ஆனால் பழைய பிலிமில் இருந்த உயிர் இந்த டிஜிட்டலில் இல்லையே!” உடனே இளைஞர் ஒருவர் மறுத்தார். “பிலிமில் எடுத்திருந்தால் அந்த இருட்டில் ஒரு முகமும் தெரிந்திராது, மாமா.” அன்று அந்த வழக்குத் தீரவில்லை.

பிலிமில் பிடித்த படம் உயர்ந்ததா, டிஜிட்டலில் பிடித்த படம் உயர்ந்ததா என்பது இன்று உலகெங்கும் பேசப்படும் வினா. ஆயினும் நம்மிடம் முதலில் கேட்கப்பட்டது வேறு வினா: உங்கள் ஊர் இப்படித்தான் இருக்குமா? இவ்விரண்டையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்பது நம் எண்ணம். ஒரு படத்தின் தரம் அதன் தெளிவில் மட்டும் இல்லை. அது எதைக் காட்டுகிறது, எத்தனை காலம் காட்டப்போகிறது என்பனவும் தரத்தைச் சேர்ந்தவையே. இதனை விளக்க நாம் பிறந்து வளர்ந்த பாலகாட்டையே எடுத்துக்கொள்கிறோம்.

கோலார் தங்கவயலில் 1880-க்குப் பின் ஜான் டெய்லர் நிறுவனத்தாரின் மேற்பார்வையில் ஐந்து பெருஞ்சுரங்கங்கள் இயங்கின. மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகாம், நந்திதுர்க், பாலகாட் என்பன அவை. சாம்பியன் ரீப் சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் மேலாக இறங்கியது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் எடுத்த மின்சாரம் இச்சுரங்கங்களுக்கு வந்து சேர்ந்தது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் இங்கே எடுக்கப்பட்டது. அதை வெட்டி எடுத்தவர்களுள் பெரும்பாலோர் வட ஆற்காடு, தர்மபுரி, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடிப் போன தமிழ் பேசும் எளிய மக்கள். நம் குடும்பத்தாரும் அவ்வழியில் போனவர்களே. பாலகாட் சுரங்கம் பிற்காலத்தில் நந்திதுர்க்கோடு சேர்ந்துவிட்டது. எனினும் பாலகாட் என்னும் பெயர் குடியிருப்புக்கு நிலைத்தது. தந்தையார் நந்திதுர்க்கில் வேலை பார்த்தார். பாலகாட்டில் ஒரு லைன் வீட்டில் நாம் வளர்ந்தோம். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் ஊராரில் பலர் பெங்களூருக்கு அன்றாடம் ரயிலேறி வேலைக்குப் போயினர். சிலர் நம்மைப் போல் இன்னும் தொலைவு வந்துவிட்டனர்.

ஊரைப் பார்த்திராதவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது சயனைடு மேடுகளைப் பற்றி. பாறையைப் பொடியாக்கி, சயனைடுக் கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்தபின் எஞ்சிய பொடியை நூறாண்டுக் காலம் ஊரைச் சுற்றிக் கொட்டி வந்தார்கள். அவை குன்றுகளாயின. மழை அறுத்த பள்ளங்களும், மங்கிய சாம்பல் நிறமும், புல் முளைக்காத சரிவுகளுமாக நிற்கும் அம்மேடுகள் புதியவருக்கு வேற்றுலகம்போல் தோன்றும். காற்றுக் காலத்தில் அப்புழுதி வீட்டுக்குள் வரும். சோற்றுப் பானையை மூடி வைக்கவேண்டும். நம் அன்னையார் அந்த மேட்டை அழகு என்று சொல்லிக் கேட்டதில்லை. காமிராவோடு வந்தவர்கள்தாம் அதில் அழகைக் கண்டார்கள்.

இனி, பிலிம் என்பது யாது எனப் பார்ப்போம். ஒளியூடுருவும் நாடாவொன்றின்மேல் ஜெலட்டின் பூச்சு; அதனுள் வெள்ளி உப்பின் நுண்படிகங்கள். ஒளி பட்ட படிகம் பின்னர் ரசாயனக் குளியலில் கறுத்த வெள்ளித் துகளாக மாறும். ஒளி படாத படிகம் கழுவப்பட்டுப் போய்விடும். இத்துகள்கள் அளவிலும் இடத்திலும் ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதில்லை. ஆதலின் திரையில் படம் ஓயாது மெல்ல அசைந்துகொண்டிருக்கும். மூத்த நண்பர் ‘உயிர்’ என்று சொன்னது பெரும்பாலும் இந்த அசைவையே. வண்ணப் பிலிமில் வெள்ளி இறுதியில் நீக்கப்பட்டு, அதனிடத்தில் சாயம் தங்கும். எனினும் துகளின் சாயல் சாயத்திலும் உண்டு.

இதில் தங்கத்துக்கும் ஒரு பங்கு உண்டென்பது நம் ஊரார் பலர் அறியாத செய்தி. 1936-இல் ஜெர்மனியின் ஆக்ஃபா நிறுவனத்தில் கோஸ்லாவ்ஸ்கி என்னும் ரசாயன அறிஞர், பூச்சில் தங்க உப்பை மிக மிகச் சிறிய அளவில் சேர்த்தால் பிலிமின் ஒளியுணர்ச்சி பெரிதும் கூடுவதைக் கண்டார். உலகப்போர் முடியும் வரை அது தொழில் ரகசியமாகவே இருந்தது. குறைந்த வெளிச்சத்தில் படம் பிடிக்கும் வேகப் பிலிம்கள் அதன் வழியே வளர்ந்தவை. பூமிக்கடியில் இருட்டில் வெட்டி எடுத்த உலோகம், இருட்டில் படம் பிடிக்கவும் உதவியிருக்கிறது.

தமிழ்ப் படத்தின் வரலாறும் இந்த நாடாவோடு பிணைந்ததே. நடராஜ முதலியாரின் ஊமைப்படமான ‘கீசக வதம்’ தொடங்கி, 1931-இல் பேசத் தொடங்கிய ‘காளிதாஸ்’ வழியாகக் கறுப்பு வெள்ளைக் காலம் நெடிது நின்றது. 1956-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் ‘அலிபாபாவும் நாற்பது திருடர்களும்’ படத்தைக் கேவா கலரில் எடுத்தனர். தமிழில் முழுவதும் வண்ணத்தில் வந்த முதற்படம் அதுவே. 1959-இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ கேவா கலரில் படமாகி, டெக்னிக்கலர்ப் பிரதிகளாக வெளிவந்தது. 1973-இல் ‘ராஜராஜ சோழன்’ அகன்ற சினிமாஸ்கோப் திரையைத் தமிழுக்குக் கொணர்ந்தது. பிலிம் முழுவதும் அயல்நாட்டிலிருந்து வரவேண்டிய நிலையை மாற்ற, மத்திய அரசு 1960-இல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. 1967 முதல் அங்கே ‘இந்து’ என்னும் பெயரில் பிலிம் உற்பத்தியாயிற்று. அந்த ஆலையும் நலிவுற்று மூடப்பட்டுவிட்டது. தங்கவயலைப் போன்றே, ஒரு காலத்தின் தேவைக்காக எழுந்து அக்காலத்தோடு முடிந்த ஊர்களின் வரிசையில் அதுவும் சேர்ந்தது.

இங்கே ஓர் உண்மையை மறவாது சொல்லவேண்டும். 35 மில்லிமீட்டர் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 13,500 அடி, அதாவது 4 கிலோமீட்டருக்கு மேல். சாம்பியன் ரீப்பின் ஆழத்தைக் காட்டிலும் நீளமான நாடா அது. ஒவ்வொரு கொட்டகைக்கும் ஒரு பிரதி வேண்டும். பிரதிக்குப் பணம் மிகுதியாகும் ஆதலின் நகரங்களில் ஓடித் தேய்ந்த பிறகே அவை எம் போன்ற ஊர்களுக்கு வந்தன. சிறுவயதில் நாம் கண்ட படங்களில் மழை பெய்யாத காட்சிகளிலும் கோடு கோடாக மழை பெய்தது. சுருள் அறுந்து ஒட்டிய இடங்களில் கதாநாயகர் ஒரு தாவலில் வாசலிலிருந்து கட்டிலுக்குப் போய்விடுவார். புரொஜெக்டரின் கார்பன் குச்சி மங்கினால் திரை மஞ்சளாகும், “லைட்டு! லைட்டு!” என்று பெஞ்சு டிக்கெட்டு கூவும். அப்போதும் நாம் பெருமகிழ்ச்சி கொண்டோம் என்பது வேறு.

ஆதலின் ‘பிலிமின் தரம்’ என்று பேசும்போது எந்தப் பிலிமைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். காமிராவுக்குள் ஓடிய மூல நெகட்டிவின் தரம் மிக உயர்ந்தது. ஆனால் அதிலிருந்து பாசிட்டிவ், அதிலிருந்து மறு நெகட்டிவ், அதிலிருந்து கொட்டகைப் பிரதி எனத் தலைமுறை தலைமுறையாக இறங்கும்போது நுட்பம் குறைந்துகொண்டே வரும். சென்னைப் பரிசோதனைக் கூடத்தில் படமெடுத்தவர் கண்டதும், தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி கண்டதும் ஒரே படமன்று. பழைய படத்தின் நேர்த்தியைப் புகழ்வோர், தாம் கண்டது எத்தனையாம் தலைமுறைப் பிரதி என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.

டிஜிட்டல் இவ்வழியில் வேறுபட்டது. காமிராவினுள் நாடாவுக்குப் பதிலாகச் சிலிக்கன் சில்லு ஒன்று இருக்கும். அதில் கட்டம் கட்டமாக அமைந்த பல லட்சம் புள்ளிகள், தம்மேல் விழும் ஒளியை மின்சாரமாக்க, அது எண்ணாக எழுதப்படுகிறது. 2005-இல் ஹாலிவுட் நிறுவனங்கள் கூடி வகுத்த திரையீட்டு அளவுகளின்படி, ‘2கே’ என்பது 2048-க்கு 1080 புள்ளிகள்; ‘4கே’ என்பது 4096-க்கு 2160 புள்ளிகள். முன்னது ஏறத்தாழ 22 லட்சம். பின்னது 88 லட்சம். இதன் பெரும்பேறு யாதெனில், முதற் பிரதிக்கும் ஆயிரமாவது பிரதிக்கும் வேறுபாடில்லை. முதல் நாளிலும் நூறாவது நாளிலும் கோடு விழுவதில்லை. நகரத்துப் பெரிய அரங்கும் சிற்றூர்க் கொட்டகையும் ஒரே நாளில் ஒரே கோப்பினைப் பெறுகின்றன. இவ்வகையில் டிஜிட்டல் எம் போன்ற ஊர்களுக்கு ஒரு நீதியைச் செய்தது என்றே சொல்லவேண்டும்.

இம்மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. 2002-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் ஒரு படம் சோனி டிஜிட்டல் காமிராவால் எடுக்கப்பட்டது. பெரும் பொருட்செலவுப் படமொன்று பிலிமைக் கைவிட்டது உலகைத் திரும்பிப் பார்க்கச் செய்தது. தமிழகமும் பின்தங்கவில்லை. பி. சி. ஸ்ரீராம் இயக்கிய ‘வானம் வசப்படும்’ 2004-லும், கமல்ஹாசனின் ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ 2005-லும் டிஜிட்டல் காமிராவில் உருவாயின. 2009-இல் ‘அச்சமுண்டு அச்சமுண்டு’, ‘உன்னைப்போல் ஒருவன்’ ஆகிய படங்கள் ‘ரெட்’ காமிராவைப் பயன்படுத்தின. அவ்வாண்டே, மும்பைத் தெருக்களில் பெரும்பகுதி டிஜிட்டலில் படமாக்கப்பட்ட ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ ஒளிப்பதிவுக்கான ஆஸ்கார் பரிசைப் பெற்றது. ரஹ்மானின் இசைக்குப் பரிசு கிடைத்த அதே மேடையில், டிஜிட்டலுக்கும் அரங்கேற்றம் நடந்தது எனலாம். 2010-இல் ஜெர்மனியின் ‘அரி’ நிறுவனம் ‘அலெக்சா’ காமிராவை வெளியிட்டது. 2012-இல் கோடாக் நிறுவனம் நொடித்துப்போனதாக அறிவித்து நீதிமன்றம் சென்றது. ஃபியூஜி நிறுவனமோ சினிமாப் பிலிம் தயாரிப்பையே கைவிட்டது. பத்தே ஆண்டுகளில் ஒரு நூற்றாண்டுத் தொழில் தலைகீழாகியது.

இனி மூத்தவரும் இளைஞரும் தொடுத்த வழக்குக்கு வருவோம். தொடக்க கால டிஜிட்டல் காமிராக்களுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. ஒளியின் எல்லை அவற்றுக்குக் குறுகியது. பாலகாட்டின் மேட்டில் நண்பகலில் ஒருவரை நிறுத்திப் படம் பிடிப்பதாகக் கொள்வோம். பின்னே வெளிறிய மண்; மேலே கொதிக்கும் வானம்; முன்னே கறுத்த மனித முகம். முகத்துக்கு ஏற்ப ஒளியைத் திறந்தால் வானமும் மண்ணும் ஒரே வெள்ளையாய் வெந்து போகும். வெந்துபோன இடத்தில் மீட்டெடுக்க ஒன்றும் இராது. பிலிம் அப்படியன்று. மிகை ஒளியை அது சிறிது சிறிதாக மடக்கி ஏற்றுக்கொள்ளும். வெண்மையிலும் ஒரு சாயல் எஞ்சும். ‘அலெக்சா’ போன்ற காமிராக்கள் வந்தபின் இக்குறை பெரும்பாலும் தீர்ந்தது.

இருளில் நிலைமை நேர்மாறானது. தீப்பந்தத்தின் ஒளியிலோ, சுரங்கத்தொப்பியின் விளக்கொளியிலோ பிலிம் விரைவில் களைத்துப்போகும். நிழலெல்லாம் துகள் கொதிக்கும். டிஜிட்டல் அங்கே தெளிவாகக் காணும். அன்றியும், எடுத்த காட்சியை எடுத்த இடத்திலேயே திரையில் பார்த்துச் சரிசெய்யலாம். பிலிம் காலத்தில் சுருள் கழுவி வரும்வரை ஒளிப்பதிவாளரின் வயிற்றில் நெருப்பு. ஆயிரம் அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீரும். ஒவ்வொரு அடியும் பணம். அதனால் ஒத்திகை மிகுந்தது, கவனம் மிகுந்தது, வீண் குறைந்தது என்று முதியவர்கள் சொல்வதும் உண்மை. ஏழை இளைஞன் ஒருவன் படமெடுக்க நினைத்தால் அந்தப் பிலிம் செலவே அவனைத் தடுத்தது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

அயல்நாட்டில் கிறிஸ்டோபர் நோலன் போன்றோர் இன்றும் பிலிமையே நாடுகின்றனர். 2023-இல் வெளிவந்த அவரது ‘ஓப்பன்ஹைமர்’ படத்தில் பெருந்திரை ஐமேக்ஸ் காமிராவுக்கென்றே கோடாக் புதிதாகக் கறுப்பு வெள்ளைப் பிலிம் செய்து கொடுத்தது. அத்தகைய அகன்ற பிலிமின் நுட்பத்துக்கு ஈடு சொல்வது இன்றும் அரிது. ஆனால் அது பெருஞ்செல்வர் வீட்டுப் பட்டு. நம் நாட்டில் அன்றாடம் உடுத்த வல்லார் இல்லை. சாதாரண 35 மில்லிமீட்டர்ப் பிலிமையும் இன்றைய நல்ல டிஜிட்டல் காமிராவையும் ஒப்பிட்டால் தெளிவில் தோல்வி யாருக்கும் இல்லை. வேறுபடுவது சுவைதான். துகளின் அசைவை விரும்புவோர் உண்டு. தெளிந்த அமைதியை விரும்புவோரும் உண்டு.

இப்போது நம் ஊரின் படங்களைப் பார்ப்போம். பிரசாந்த் நீல் இயக்கிய ‘கே.ஜி.எஃப்.’ முதற்பகுதி 2018 டிசம்பரிலும், இரண்டாம் பகுதி 2022 ஏப்ரலிலும் வெளிவந்தன. கன்னடத்தில் எடுக்கப்பட்டுத் தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் நாடெங்கும் ஓடிய பெரும் வெற்றிப் படங்கள் அவை. படப்பிடிப்பின் ஒரு பகுதி சயனைடு மேடுகளிலேயே நடந்தது. ஒளிப்பதிவாளர் புவன் கௌடா, கரியும் புழுதியும் தீப்பந்தமும் நிறைந்த ஓர் இருட்டுலகை அங்கே எழுப்பிக் காட்டினார். இளைஞர் சொன்னது சரியே. அந்த இருட்டும், இருட்டினுள் தெரியும் முகங்களும் டிஜிட்டலின் கைத்திறம். முதற்பகுதிக்குச் சிறப்புக் காட்சிகளுக்காகவும் சண்டைப் பயிற்சிக்காகவும் தேசிய விருதுகள் கிடைத்தன. அப்படத்தில் தங்கம் 1951-இல் கண்டெடுக்கப்படுகிறது, சுரங்கத்தின் பெயர் நராச்சி, தொழிலாளிகள் அடிமைகள். உண்மையான தங்கவயலில் 1951-க்குள் 70 ஆண்டுச் சுரங்க வேலை நடந்துவிட்டது, தொழிற்சங்கம் இருந்தது, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கால்பந்து மைதானமும் இருந்தன. கதையென்று சொல்லி எடுத்தவர்களை நாம் குறை கூறவில்லை. ஆயின், “உங்கள் ஊர் இப்படித்தான் இருக்குமா?” என்ற நண்பருக்கு நாம் சொன்ன மறுமொழி இது: “மண் எங்களுடையது, ஊர் எங்களுடையதன்று.”

2024 ஆகஸ்டில் பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ வந்தது. வட ஆற்காட்டுக் கிராமத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையரோடு தங்கம் தேடிப் போன கதையை அது கற்பனையும் கலந்து சொன்னது. கிஷோர்குமாரின் ஒளிப்பதிவில் அம்மக்களின் மெய்யும் மண்ணும் ஒரே நிறமாகத் தோன்றின. போனவர்கள் யார், எங்கிருந்து போனார்கள் என்பதைப் பெருந்திரையில் கண்டபோது, திரையரங்கில் பக்கத்தில் இருந்த நம் மனைவியார் நம் கையைப் பற்றிக்கொண்டார். தெளிவளவில் இரண்டு படங்களுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. நமக்கு வேறுபட்டது வேறொன்று.

இனித் தரத்தின் மற்றொரு பாதியாகிய ஆயுளைப் பார்ப்போம். ‘கீசக வதம்’ இன்று இல்லை. ‘காளிதாஸ்’ இல்லை. பழைய நைட்ரேட் பிலிம் தானே தீப்பற்றும் தன்மையுடையது. 1950-ஐ ஒட்டித்தான் பாதுகாப்பான அசிட்டேட் பிலிம் அதனிடத்தைப் பிடித்தது. புனேயில் 1964-இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றுமுன் போனவை ஏராளம். தோன்றிய பின்னும் 2003-இல் அங்கே நேர்ந்த தீயில் நைட்ரேட் சுருள்கள் பெருந்தொகையாய் எரிந்தன. தீக்கு முன்பே வெள்ளிக்காக விலைபோன சுருள்கள் பல. படம் ஓடி முடிந்ததும் பிரதிகளைக் கழுவி வெள்ளியை எடுத்துக்கொள்வது வழக்கமாயிருந்தது. சுரங்கத்து ஊரிலிருந்து வந்த நமக்கு இது விளங்கும். உலோகம் எடுத்தபின் எஞ்சுவதை யார் பொருட்படுத்துவார்? அசிட்டேட் சுருளோ நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் புளித்துக் காடி நாற்றம் வீசிச் சுருங்கும். பழைய ஈஸ்ட்மன் வண்ணங்கள் வெளிறிச் செம்மை மட்டும் எஞ்சும்.

இத்தனை குறைகளுக்கிடையிலும், குளிர்ந்த உலர்ந்த அறையில் வைத்த நெகட்டிவ் பல பத்தாண்டுகள் நிற்கிறது. 1964-இன் ‘கர்ணன்’ 2012-இல் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் கொட்டகைகளில் ஓடியதை நேயர்கள் நினைவிற் கொள்ளலாம். பிலிம் காத்து வைத்ததை டிஜிட்டல் மீட்டுக் கொடுத்தது. இரண்டும் பகையல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. மாறாக, 2000-க்குப் பின் தொடக்க கால டிஜிட்டல் காமிராக்களில் எடுத்த படங்கள், அன்று எழுதிய எண்களுக்குமேல் உண்மையான நுட்பத்தைத் தர வல்லன அல்ல.

எண்ணுக்கும் ஆயுள் உண்டு. காந்தத் தட்டு பழுதாகும்; நாடாவைப் படிக்கும் கருவி சந்தையில் மறையும்; கோப்பின் வடிவம் வழக்கொழியும். ஆதலின் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய சாதனத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். 2007-இல் அமெரிக்கத் திரைப்படக் கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், 4கே டிஜிட்டல் மூலம் ஒன்றைக் காக்க ஆண்டுக்கு 12,514 டாலரும், அதையே பிலிமாக்கிக் காக்க 1,059 டாலரும் ஆகும் எனக் கணக்கிட்டனர். ஏறத்தாழ 12 மடங்கு. அதன்பின் சேமிப்புச் சாதனங்களின் விலை இறங்கியுள்ளது. இடைவிடாத கவனம் வேண்டும் என்னும் நிலை மட்டும் மாறவில்லை. பிலிமை அலமாரியில் மறந்துவிடலாம். ஐம்பது ஆண்டு கழித்தும் ஏதோ ஒன்று கிடைக்கும். டிஜிட்டலை மறந்தால் ஒன்றும் கிடைக்காது.

இந்தச் செய்தி பாலகாட்டாருக்கு ஏட்டுச் செய்தியன்று. சயனைடு மேடுகளின் மண்ணில் இன்னும் சிறிது தங்கம் எஞ்சியுள்ளது. அதை மீண்டும் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024-இல் கர்நாடக அரசு இசைவளித்தது. 13 மேடுகள் அதில் அடங்கும். வேலை முழுமையாக நடந்தால் நாம் சிறுவயதில் சறுக்கி விளையாடிய குன்றுகள் ஒருநாள் இல்லாமற் போகலாம். ஊருக்கு வேலையும் கிடைத்துப் புழுதியும் ஒழியுமாயின் அதை வரவேற்பவர்களுள் நாமும் ஒருவர். ஆனால் அன்று அம்மேடுகளின் உருவத்தை நம் பேரப்பிள்ளைகள் எங்கே காண்பார்கள்? ஆடம்பரப் படங்களின் பின்னணியில்தான். அடிமைகளின் நராச்சியாகவும் மாயக் கதையின் களமாகவும் காண்பார்கள். மேட்டின் நிழலில் தண்ணீர்க் குழாயடியில் வரிசை நின்ற பெண்களை அவற்றில் காண முடியாது. ஷிப்டு சங்கு ஊதியதும் சைக்கிளேறிய ஆண்களையும் காண முடியாது. அவர்களைப் படம் பிடித்தவர் எவருமில்லை. பிடித்திருந்தால் அது வீட்டுப் பெட்டிகளில்தான் இருக்கும்.

எம் வீட்டுப் பெட்டியில் மூன்று படங்கள் உண்டு. தந்தையார் வேலைக்குச் சேர்ந்தபோது ராபர்ட்சன்பேட்டை ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் முதலாவது. அது இன்றும் நேற்று எடுத்ததுபோல் இருக்கிறது. அதில் தங்கியிருப்பது வெள்ளி. தமக்கையாரின் திருமணத்தில் எடுத்த வண்ணப்படம் இரண்டாவது. அதில் மணமக்கள், பந்தல், வாழைமரம் அனைத்தும் ஒரே சிவப்பு. மூன்றாவது, சுரங்கம் மூடிய சில ஆண்டுகளுக்குப் பின் தம்பி, லைன் வீட்டையும் மேட்டையும் சுற்றி நடந்து எடுத்த டிஜிட்டல் காட்சி. தந்தையார் தாம் வேலை பார்த்த சுரங்கத்தின் இரும்புக் கோபுரத்தைச் சுட்டிக்காட்டி, கீழே இறங்கும் விதத்தை அதில் விளக்கிச் சொல்கிறார். மூன்றினுள் தெளிவு மிக்கது அதுவே. அவர் குரலும் அதில்தான் உள்ளது. அதை ஒரு சிறு அட்டையில் போட்டு வைத்தோம். தந்தையார் மறைந்தபின் எடுத்துப் பார்த்தபோது அட்டை திறக்கவில்லை. பிரதி எடுத்து வைக்கவில்லை. குறை கருவியினுடையதன்று, நம்முடையது.

ஆதலின் தில்லியில் அன்று தீராத வழக்கில் நம் தீர்ப்பு இதுவே. ஒளியின் நுட்பத்தில் பிலிமும் டிஜிட்டலும் ஒன்றுக்கொன்று இளைத்தவை அல்ல. எளியவர் கைக்கு எட்டியதிலும், சிற்றூருக்கும் ஒரே படத்தைக் கொடுத்ததிலும் டிஜிட்டலே மேல். மறதியைத் தாங்கும் பொறுமையில் பிலிமே மேல். நாம் டிஜிட்டல் காலத்தில் வாழ்கிறோம். ஆகவே மறவாமை நம் கடமையாகிறது. பெரும் படங்களைக் காக்க அரசும் காப்பகங்களும் உண்டு. தேசியத் திரைப்பட மரபு இயக்கத்தின் கீழ் அப்பணி நடந்தும் வருகிறது. வீட்டுப் படங்களைக் காக்க வீட்டாரைத் தவிர வேறு யாருமில்லை.

நேயர்கள் செய்யத்தக்கது எளிது. ஊரில் முதியவர் இருந்தால் அடுத்த முறை செல்லும்போது அவரைப் பேச வைத்துப் படம் பிடியுங்கள். அதை மூன்று பிரதிகளாக்கி, ஒன்றை உங்களோடும், ஒன்றை உடன்பிறந்தாரிடத்தும், ஒன்றை வேறு வகைச் சாதனத்திலும் வையுங்கள். பொங்கலுக்கு வீட்டைப் புதுப்பிக்கும்போது ஒரு முறை திறந்து பாருங்கள். திறக்கத் தயங்கும் பிரதியைப் புதியதற்கு மாற்றுங்கள். நல்ல படம் ஒன்றிரண்டைத் தாளில் அச்சிட்டு, பின்புறத்தில் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதுங்கள். தம்பி பிடித்த காட்சியில் தந்தையார் என்ன சொன்னார் என்பதை நினைவிலிருந்து நாமும் எழுதத் தொடங்கியிருக்கிறோம். சொற்கள் பெரும்பாலும் வருகின்றன. குரல் வரவில்லை.